71 அடிக்குக் கீழே: மனுஷ உடம்பு கடலுக்குள்ள எவ்வளவு ஆழம் தாங்கும்?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கு. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோடு கடலைப் பத்தி. மதுரையில உட்கார்ந்துக்கிட்டு கடலைப் பத்தி என்ன பேச்சுன்னு கேட்கலாம். ஆனா பாண்டியர்களுக்குத் தலைநகர் மதுரைன்னா, துறைமுகம் கொற்கை. அந்தக் கொற்கையில இருந்து போன முத்துதான் ரோமாபுரி வரைக்கும் பேர் வாங்கிச்சு. அந்த முத்தை எடுத்தது கடலுக்கு அடியில மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறங்கின மனுஷங்க. இன்னைக்கும் இங்கிருந்து மூணு மணி நேரம் வண்டியில போனா, தூத்துக்குடியில சங்கு குளிக்கப் போறவங்க இருக்காங்க. அதனால இது நமக்குத் தூரத்து விஷயம் கிடையாது.

கேள்வி இதுதான். முதுகுல சிலிண்டரைக் கட்டிக்கிட்டா மீன் மாதிரி எவ்வளவு ஆழம் வேணும்னாலும் போகலாமா? முடியாது. ஏன் முடியாதுன்னு பெரும்பாலும் தப்பா நினைச்சிருக்கோம். தண்ணி நம்மளை நசுக்கிடும், அதான் காரணம்னு நினைப்போம். உண்மையில பெரிய பிரச்சனை கீழே போறதுல இல்ல, திரும்பி மேலே வர்றதுல இருக்கு. அதைவிட முக்கியம், அந்தப் பிரச்சனை முந்நூறு மீட்டர்ல சாதனை பண்றவருக்கு மட்டும் இல்ல, இருபது மீட்டர்ல பொழப்புக்காக இறங்குறவருக்கும் உண்டு.

அணைக்கட்டுக் கணக்கு

முதல்ல அழுத்தம். நம்ம தலைக்கு மேல இருக்கிற காற்று மண்டலம் முழுசும் சேர்ந்து நம்ம மேல அழுத்துற அழுத்தத்தை ஒரு அட்மாஸ்ஃபியர்னு சொல்றோம். கடல்ல ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு அட்மாஸ்ஃபியர் கூடும். 10 மீட்டர்ல 2, 20 மீட்டர்ல 3, 40 மீட்டர்ல 5.

மீட்டர்ல சொன்னா மனசுல நிக்காது. நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச அளவு ரெண்டு இருக்கு. வைகை அணையோட முழுக் கொள்ளளவு 71 அடி. அது கிட்டத்தட்ட இருபத்தொன்றரை மீட்டர். அடுத்தது முல்லைப் பெரியாறு, 142 அடி. சரியா ரெண்டு மடங்கு, 43 மீட்டர் சொச்சம். இந்த ரெண்டு நம்பரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

பொழுதுபோக்குக்காக ஸ்கூபா கத்துக்கிறவங்களுக்கு முதல் சான்றிதழ்ல அனுமதிக்கிற ஆழம் 18 மீட்டர். அதாவது வைகை அணை நிரம்பி இருந்தா, அதோட அடியைத் தொட அனுமதி கிடையாது. மேல்படிப்பு எல்லாம் முடிச்சாலும் பொழுதுபோக்கு டைவிங்கோட எல்லை 40 மீட்டர். பெரியாறு 142 அடியில நின்னா, அதோட அடியும் எட்டாது. உலகக் கடல்களோட சராசரி ஆழம் 3,700 மீட்டர் பக்கம். நாம கடல்னு பார்த்துப் பழகினது அதோட மேல் ஏடு மட்டும்தான்.

இவ்வளவு அழுத்தத்துல உடம்பு ஏன் நசுங்கலை? உடம்புல பெரும்பகுதி தண்ணிதான். தண்ணியை அமுக்கினா சுருங்காது. சுருங்குறது காற்று இருக்கிற இடங்கள் மட்டும்: நுரையீரல், காது, சைனஸ். அங்கதான் கதை ஆரம்பிக்குது.

மூச்சடக்கிப் போனவங்க

மன்னார் வளைகுடாவுல முத்துச் சிப்பி கிடைச்ச பார்கள் பெரும்பாலும் 10-ல இருந்து 25 மீட்டர் ஆழத்துக்குள்ள இருக்கு. குளிக்கிறவர் ஒரு கல்லைக் காலோட சேர்த்துக் கயிறு கட்டி, அதோட எடையில வேகமா இறங்குவார். கீழே சிப்பியைப் பொறுக்கிக் கூடையில போட்டுட்டு, கயிறை இழுத்து சைகை காட்டினா, தோணியில இருக்கிறவர் மேலே தூக்குவார். மொத்தமே ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். கயிறு பிடிக்கிறவர் மச்சானாத்தான் இருக்கணும்னு கடற்கரையில சொல்லுவாங்க. தங்கச்சி தாலி அவர் கையில இருக்கிறதால கயிறை விடமாட்டாராம்!

அரசாங்கம் நடத்தின முத்துக்குளிப்பு தூத்துக்குடியில 1961-ஓட நின்னு போச்சு. சிப்பி குறைஞ்சதுதான் காரணம். சங்கு குளிக்கிறது மட்டும் தொடர்ந்துச்சு.

இந்த முறையில சுறா, காது கிழியுறது, மயக்கம்னு ஆபத்து நிறைய இருந்துச்சு. ஆனா ஒரு ஆபத்து ரொம்பக் குறைவு. மூச்சடக்கிப் போறவர் மேலே இருந்து இழுத்த ஒரே ஒரு மூச்சைத்தான் கீழே கொண்டு போறார். 20 மீட்டர்ல அந்தக் காற்று மூணுல ஒரு பங்காச் சுருங்கும்; மேலே வந்தா பழைய அளவுக்கு விரியும். புதுசா எதுவும் உள்ளே போகல. ஸ்கூபா வந்ததும் இந்தக் கணக்கு மாறிடுச்சு.

சிலிண்டர் என்ன பண்ணுது?

சிலிண்டர்ல வெறும் ஆக்ஸிஜன் இருக்குன்னு நிறையப் பேர் நினைக்கிறோம். செய்திகள்லயும் 'ஆக்ஸிஜன் சிலிண்டர்'னுதான் வரும். பொதுவா அதுல இருக்கிறது நாம சுவாசிக்கிற அதே காற்று. 21 சதவீதம் ஆக்ஸிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அதை 200 பார் அழுத்தத்துல அடைச்சிருப்பாங்க.

நாம இருக்கிற ஆழத்துல தண்ணி எவ்வளவு அழுத்துதோ, அதே அழுத்தத்துல காற்றைக் குடுக்கிறதுதான் வாயில கடிச்சிருக்கிற ரெகுலேட்டரோட வேலை. அப்படிக் குடுக்கலைன்னா நெஞ்சை விரிச்சு மூச்சே இழுக்க முடியாது. ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. 20 மீட்டர்ல ஒவ்வொரு மூச்சுலயும் மூணு மடங்கு காற்று உள்ளே போகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார். மொத்தம் 2,400 லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறோம்னா, தரையில 120 நிமிஷம் வரும். 40 மீட்டர்ல 24 நிமிஷம். 300 மீட்டர்ல நாலு நிமிஷம்கூட வராது. சரி, பத்து சிலிண்டர் எடுத்துட்டுப் போறோம்னு வைங்க. அப்பவும் முடியாது. ஏன்னா அங்கே காற்றே விஷமாகும்.

நைட்ரஜன்ல இருந்து ஆரம்பிப்போம். ஏறத்தாழ 30 மீட்டர் தாண்டினதும் அது போதை மாதிரி வேலை செய்ய ஆரம்பிக்கும். காரணமில்லாம சிரிப்பு வரும், கேஜ்ல இருக்கிற நம்பரைப் படிச்சாலும் மண்டையில ஏறாது. குடிச்சவர் 'நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்'னு சொல்ற மாதிரிதான், தனக்குப் போதை ஏறியிருக்குன்னே தெரியாது. கொஞ்சம் மேலே வந்தா தெளிஞ்சிடும். ஆனா மேலே வரணும்னு முடிவெடுக்க வேண்டிய மூளையே மப்புல இருக்கும்.

அடுத்தது ஆக்ஸிஜன். உயிர் காக்கிற வாயுவும் அளவு மீறினா விஷம்தான். ஆக்ஸிஜனோட பங்கு அழுத்தம் 1.4-ஐத் தாண்டக்கூடாதுங்கிறது டைவிங்ல பொது விதி. சாதாரணக் காற்றுல அந்த எல்லை 57 மீட்டர் பக்கத்துல வந்திடும். தாண்டினா வலிப்பு வரலாம். தரையில வலிப்பு வந்தா பிழைச்சுக்கலாம். தண்ணிக்குள்ள வந்தா ரெகுலேட்டர் வாயில இருந்து நழுவும், அதோட முடிஞ்சது.

இதோட காற்றோட அடர்த்தியும் கூடிக்கிட்டே போகும். மூச்சு இழுத்து விடுறதே கனமான வேலையாகி, உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும். காற்றை வெச்சு 40 மீட்டர்ங்கிற எல்லை சும்மா போட்ட கோடு இல்லன்னு இப்போ புரியும்.

கோலி சோடா

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். கோலி சோடாவை நினைச்சுக்கோங்க. பாட்டில் மூடியிருக்கும்போது உள்ளே பார்த்தா தண்ணி தெளிவா இருக்கும், குமிழி ஒண்ணும் தெரியாது. கோலியை அமுக்கினதும் 'புஸ்'ஸுன்னு நுரை பொங்கும். வாயு புதுசா வரல. அது தண்ணியில கரைஞ்சு உள்ளேயேதான் இருந்துச்சு. அழுத்தம் சட்டுனு குறைஞ்சதும் கரைஞ்சிருக்க முடியாம குமிழியா வெளியே வந்திடுச்சு.

ஆழத்துல இருக்கிற டைவர் உடம்பும் அதே மாதிரிதான். ஆக்ஸிஜனை உடம்பு செலவு பண்ணிடும். நைட்ரஜனை உடம்புக்கு ஒண்ணும் பண்ணத் தெரியாது. அது ரத்தத்துல, கொழுப்புல, நரம்புல, மூட்டுல கரைஞ்சு சேர்ந்துக்கிட்டே இருக்கும். மெதுவா மேலே வந்தா, கரைஞ்சது நுரையீரல் வழியா மூச்சோட வெளியேறும். வேகமா வந்தா உடம்புக்குள்ளேயே சோடா பொங்கும். இதுக்குப் பேர்தான் டிகம்ப்ரஷன் சிக்னெஸ்.

ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜே. எஸ். ஹால்டேன், பிரிட்டிஷ் கடற்படைக்காக இதை ஆராய்ச்சி பண்ணி 1908-ல முடிவுகளை வெளியிட்டார். ஆடுகளை அழுத்த அறைக்குள்ள வெச்சுச் சோதிச்சார். படிப்படியா நின்னு நின்னு மேலே வரணும்ங்கிற முறை அங்கிருந்துதான் வந்தது.

இனி கொஞ்சம் நம்ம ஏரியா. டைவர் கையில கட்டியிருக்கிற டைவ் கம்ப்யூட்டர்ல ஓடுறது என்ன அல்காரிதம்? ரொம்பப் பிரபலமானது சுவிட்சர்லாந்து டாக்டர் ப்யூல்மான் உருவாக்கினது. உடம்பை 16 கற்பனைப் பெட்டிகளாப் பிரிக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஹாஃப் டைம். அதாவது பாதி நிரம்ப எவ்வளவு நேரம்னு. ரத்தம் நல்லா ஓடுற திசுவுக்குச் சில நிமிஷம். மெதுவான திசுவுக்கு 635 நிமிஷம், பத்தரை மணி நேரத்துக்கு மேல. சில நொடிக்கு ஒரு தடவை 16 பெட்டியையும் ஒரு லூப்ல சுத்தி, எந்தப் பெட்டியாவது எல்லையைத் தாண்டுதான்னு பார்க்கும். தாண்டினா, 'இங்கேயே நில்லு'ன்னு சொல்லும். அவ்வளவுதான் புரோகிராம். லினக்ஸையும் கிட்டையும் எழுதின லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு டைவர். 2011-ல அவர் ஆரம்பிச்ச சப்சர்ஃபேஸ் ஒரு திறந்த மூல மென்பொருள். டைவ் பதிவு, திட்டமிடல் எல்லாம் அதுல பண்ணலாம். ஆர்வம் இருக்கிறவங்க கோடைத் திறந்து பாருங்க.

ஆனா ஒண்ணு. அந்த 16 பெட்டியும் கணக்குக்காக வெச்ச மாடல்தான், உங்க உடம்பு இல்ல. விதிகளை ஒழுங்கா கடைப்பிடிச்சவங்களுக்கும் எப்பவாவது இந்த நோய் வந்திருக்கு.

பொழுதுபோக்கு டைவிங் அட்டவணைகள்ல, எங்கேயும் நிக்காம நேரா மேலே வரக்கூடிய அதிகபட்ச நேரம் 20 மீட்டர்ல 45 நிமிஷம் அளவுக்கு. 30 மீட்டர்ல 20 நிமிஷம். 40 மீட்டர்ல பத்து நிமிஷத்துக்குள்ள.

கம்ப்ரஸர்ல இறங்குறவங்க

20 மீட்டர், 45 நிமிஷம். இந்தக் கணக்கோட தூத்துக்குடிக்குப் போவோம்.

சங்கு குளிக்கிற தொழில் மூச்சடக்கிப் போற காலத்தைத் தாண்டிடுச்சு. இப்போ வள்ளத்துல ஒரு கம்ப்ரஸர் ஓடும். அதுல இருந்து நீளமா ஒரு ஹோஸ். அதோட முனையை வாயில கடிச்சுக்கிட்டு இறங்குவாங்க. வட இலங்கைக் கடல்கள்ல சங்குக்கும் கடல் அட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்குறாங்க. இந்தியாவுல கடல் அட்டை எடுக்கிறது 2001-லயே தடை செஞ்சாச்சு. அதனால அது தனிக்கதை. சங்கு வேற.

இந்த கம்ப்ரஸர்ல ஒரு விஷயம் கவனிங்க. சிலிண்டர் போட்டவருக்குக் காற்று தீரும். தீர்றதுக்குள்ள மேலே வந்தாகணும். அந்தக் கட்டாயமே ஒரு விதத்துல பாதுகாப்பு. கம்ப்ரஸருக்கு அந்த எல்லை இல்ல. டீசல் இருக்கிற வரைக்கும் காற்று வரும். சங்கு கிடைக்கிற இடத்துல மணிக்கணக்கா இருக்கலாம், ஒரே நாள்ல பல தடவை இறங்கி ஏறலாம். மேலே காற்றுக்குக் குறை கிடையாது. உள்ளே நைட்ரஜன் சேர்ந்துக்கிட்டே இருக்கும். கையில டைவ் கம்ப்யூட்டரும் இல்லைன்னா, எவ்வளவு சேர்ந்திருக்குன்னு சொல்றதுக்கு ஆளே இல்ல. இஞ்சின் புகை கம்ப்ரஸர் உறிஞ்சுற காற்றுல கலந்தா, கார்பன் மோனாக்ஸைடு வேற. ஹோஸ் பிடுங்கிக்கிட்டா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டமா மேலே வரத்தான் மனசு சொல்லும். அப்போ நுரையீரல்ல இருக்கிற காற்று விரிஞ்சு கிழிச்சிடும்.

அப்புறம் அறிகுறி. தோள்ல, முட்டியில வலி. கால் மரத்துப் போறது. சிறுநீர் போக முடியாம நிக்கிறது. தலைச்சுத்தல். ஊர்ல மூட்டு வலின்னாலே 'வாயு பிடிச்சிருக்கு'ன்னு சொல்லித் தைலம் தேய்ச்சுவிடுவோம். இந்த ஒரு நோய்ல அது எழுத்துக்கு எழுத்து உண்மை. நிஜமாவே வாயுதான் பிடிச்சிருக்கு! ஆனா தைலத்துக்குப் போகாது. குமிழி முதுகுத்தண்டுல மாட்டினா நிரந்தரமா கால் விளங்காமப் போகலாம். வருஷக்கணக்கா ஆழத்துல வேலை பார்க்கிறவங்களுக்கு இடுப்பு, தோள் எலும்போட முனை செத்துப் போறதும் மருத்துவத்துல பதிவான விஷயம்.

அதனால, டைவிங் முடிஞ்சு ஒரு நாளைக்குள்ள இப்படி எது வந்தாலும் முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். படுக்க வைக்கணும், கிடைக்கிற அதிகபட்ச ஆக்ஸிஜனை முகமூடி வழியாக் குடுக்கணும், 'இவர் கடலுக்கடியில இருந்து வந்தவர்'னு டாக்டர்கிட்ட முதல் வரியிலேயே சொல்லணும். முழு சிகிச்சை, அழுத்த அறைக்குள்ள வெச்சு மறுபடி அழுத்தத்தைக் கூட்டி மெதுவாக் குறைக்கிறதுதான். வலி குறையட்டும்னு திரும்பக் கடல்ல இறக்குறது ஆபத்து.

முந்நூறு, ஐந்நூறு, எழுநூறு

அப்போ அதிகபட்சம் எவ்வளவு? நைட்ரஜனுக்குப் பதிலா ஹீலியம் கலந்தா மயக்கம் குறையும், மூச்சும் லேசாகும். ஆக்ஸிஜனையும் குறைச்சுப்பாங்க. இப்படிக் கலவை வாயுவோட 2005-ல தென்னாப்பிரிக்காவோட நூனோ கோம்ஸ் செங்கடல்ல 318 மீட்டர் போனார். 2014-ல எகிப்தோட அகமது கப்ர் அதே செங்கடல்ல 332.35 மீட்டர். கின்னஸ் பதிவுல இருக்கிறது அதுதான். அவர் கீழே போக ஆனது கால் மணி நேரம் பக்கம். மேலே வர ஆனது 13 மணி நேரத்துக்கு மேல. வழியெல்லாம் நின்னு நின்னு, சிலிண்டர் மாத்தி மாத்தி. இந்த எபிசோடோட மொத்த விஷயமும் அந்த ரெண்டு நம்பர்ல இருக்கு.

எண்ணெய்க் கிணறு மாதிரி ஆழத்துல நாள்கணக்கா வேலை பார்க்கணும்னா வேற வழி உண்டு. உடம்புல வாயு முழுசாக் கரைஞ்சு நிரம்பிட்டா, அதுக்கு மேல எவ்வளவு நேரம் இருந்தாலும் ஏறாது. அதனால கப்பல் மேலேயே ஒரு அழுத்த அறையில குடியிருந்து, மணி மாதிரி ஒரு கூண்டுல வேலைக்கு இறங்கி, வாரக்கணக்குல வேலை முடிச்சுக் கடைசியில ஒரே ஒரு தடவை அழுத்தம் குறைப்பாங்க. அதுக்கே பல நாள் ஆகும். சேச்சுரேஷன் டைவிங்னு பேர். 2025 ஜூலையில விசாகப்பட்டினத்துல நம்ம கடற்படையில சேர்ந்த ஐ.என்.எஸ். நிஸ்தார் கப்பல்ல 300 மீட்டர் வரைக்கும் இப்படி இறங்க வசதி இருக்கு.

பிரான்ஸோட கோமெக்ஸ் நிறுவனம் இதையும் தாண்டிப் பார்த்துச்சு. 1988-ல திறந்த கடல்ல 534 மீட்டர். 1992-ல கடல்ல இல்ல, அழுத்த அறைக்குள்ள 701 மீட்டருக்குச் சமமான அழுத்தத்துல ஒருத்தர் இருந்தார். ஹீலியமே அந்த அழுத்தத்துல நரம்பைப் பாதிச்சுக் கை நடுக்கம் வரவைக்கிறதால, ஹைட்ரஜன் கலந்தாங்க. மனுஷ உடம்பு தாங்கின அழுத்தத்துல உச்சம் அதுதான். கடலோட சராசரி ஆழத்துல அது ஐந்துல ஒரு பங்குகூட இல்ல.

உடம்பை வெளியே விடாம

அதுக்கும் கீழே போகணும்னா உடம்பை அழுத்தத்துக்குக் காட்டவே கூடாது. சென்னையில இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், என்.ஐ.ஓ.டி., சமுத்ரயான் திட்டத்துல மத்ஸ்யா 6000-ஐ உருவாக்குது. மூணு பேர் உட்காருற உருண்டை, உள்விட்டம் 2.1 மீட்டர், 80 மில்லிமீட்டர் தடிமன்ல டைட்டானியம் கலவை. இலக்கு 6,000 மீட்டர். அங்கே அழுத்தம் 600 மடங்கு. உள்ளே இருக்கிறவருக்கு மட்டும் நம்ம மாட்டுத்தாவணியில நிக்கிற அதே ஒரு அட்மாஸ்ஃபியர். அதனால மேலே வரும்போது நின்னு நின்னு வர வேண்டியதில்ல. உடம்பு ஆழத்துக்கே போகலைங்கிறதுதான் அதோட சூட்சுமம். 2025 ஆகஸ்ட்ல பயிற்சிக்காக நம்ம ஆளுங்க ரெண்டு பேர் பிரான்ஸோட நாட்டீல் கலத்துல அட்லாண்டிக்ல 4,025 மீட்டருக்கும் 5,002 மீட்டருக்கும் போய்ட்டு வந்தாங்க.

இதுல சுவர்தான் எல்லாம். 2023 ஜூன்ல டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் கலத்தோட கார்பன் ஃபைபர் உடல் உடைஞ்சு உள்ளே இருந்த ஐந்து பேரும் போயிட்டாங்க.

கடைசியா, நமக்கு

ராமேஸ்வரத்துலயோ அந்தமான்லயோ ஸ்கூபா பண்ணப் போறவங்களுக்கு மூணே விஷயம். ஒண்ணு, எந்த ஆழத்துலயும் மூச்சைப் பிடிச்சு வைக்காதீங்க. ரெண்டு, நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல வேகமா ஏறாதீங்க. 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நில்லுங்க. மூணாவது நம்ம ஊர்க்காரங்களுக்கு ஸ்பெஷல். காலையில கடல்ல டைவ், மதியம் மதுரையில சாப்பாடு, ராத்திரி கொடைக்கானல்னு பிளான் போடாதீங்க. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் இங்கே விடக் கிட்டத்தட்ட ஐந்துல ஒரு பங்கு குறைவு. உடம்புக்குப் பார்த்தா அது விமானத்துல ஏறுற மாதிரிதான். பல டைவ் பண்ணியிருந்தா 18 மணி நேரமாவது சமவெளியிலேயே இருங்க.

சுற்றுலா போறவருக்குப் பயிற்சியாளர் இருக்கார், கையில கம்ப்யூட்டர் இருக்கு, 'போதும், மேலே வா'ன்னு சொல்ல ஆள் இருக்கு. சங்கு குளிக்கிறவருக்கும் அது வேணும். பழைய காலத்துல கயிறு பிடிச்ச மச்சான் செஞ்ச வேலையும் அதுதானே, நேரம் ஆச்சுன்னா தூக்குறது. இன்னைக்கு கம்ப்ரஸர் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவர் கையில ஒரு கடிகாரமும், சுவர்ல ஒட்டுற மாதிரி தமிழ்ல ஒரு ஆழம்–நேர அட்டவணையும் குடுத்தா அதே வேலையைப் பண்ணலாம். டெக்னாலஜின்னா எப்பவும் டைட்டானியம் உருண்டையாவே இருக்கணும்னு இல்லையே. மீன்வளத் துறையிலயோ கடற்கரை ஊர்கள்லயோ வேலை பார்க்கிற யாராவது இதைப் படிச்சீங்கன்னா, யோசிச்சுப் பாருங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.